தலாக் சொல்லிட்டேனா?

என் புருஷன் ஷெஹாத்தாவிடம் குடி கிடையாது, பெண் சகவாசம் கிடையாது. இருந்திருந்தால் நாலு திட்டு திட்டித் தீர்த்திருப்பேன். அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு கேள்விதான். "இன்ஸாஃப், நான் உன்னைத் தலாக் சொல்லிட்டேனா?"

மன்சூரா நகரத்தில் எங்களுக்குக் குழாய்க் கடை. காலையில் 'கிளம்பறேன்' என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போனவர் வேர்த்து வழியத் திரும்பி வருவார். "கிளம்பறேன்னு சொன்னேனே, உன்னை விட்டுட்டுப் போற மாதிரி ஆயிடுச்சோ?" கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். கூட இருந்து பாருங்கள், தெரியும்.

"நீங்க ஒண்ணும் சொல்லலை, கடைக்குப் போங்க" என்பேன். முகம் தெளியும். மத்தியானம் ஃபோன் வரும், அதே கேள்வி. பள்ளிவாசல் ஷேக், "சந்தேகத்துல நிக்காஹ் முறியாதுப்பா, இது வெறும் வஸ்வாஸ், மனசைக் குழப்பற ஷைத்தான் வேலை" என்று படித்துப் படித்துச் சொன்னார். கடைசியில் அவரும் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் இந்த மனுஷன் சட்டைப் பையில் செல்ஃபோனை வைத்துத் தன் பேச்சையே பதிவு செய்து, சாயங்காலம் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

இழுத்துக்கொண்டு டாக்டர் நிர்மீனிடம் போனேன். அந்தம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் கேக்கும்போதெல்லாம் நீங்க பதில் சொல்றீங்களா?"

"பின்னே? வாயைப் பொத்திக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"அதைத்தான்மா சொல்றேன். நீங்க 'இல்ல'ன்னு சொல்றது சிரங்கைச் சொறிஞ்சு விடற மாதிரி. அந்த நேரத்துக்குச் சுகம், அப்புறம் இன்னும் அரிக்கும். சந்தேகம் வந்தா வரட்டும்னு அவர் சும்மா இருந்து பழகணும். நீங்களும் பழகணும்."

பழகினோம். அவர் கேட்பார், நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், பிறகு தவிப்பு மெல்ல அடங்கும். ரமலான் முடிவதற்குள் பதிவுகளை எல்லாம் அவரே அழித்துவிட்டார். பெருநாளன்று மாவுச் சீனி மீசையில் ஒட்டியிருக்க, பிஸ்கட் தின்றுகொண்டே சத்தமாகச் சிரித்தார். பாவி மனசு நம்பிவிட்டது.

அப்புறம் ஒருநாள் எங்கள் வீட்டுக் குழாயே ஒழுகியது.

"ஊருக்கெல்லாம் குழாய் விக்கிறீங்க, நம்ம வீட்டுக்கு ஒரு வாஷர் கிடைக்கலையா?"

"பிடிக்கலைன்னா உங்கப்பன் வீட்டுக்குப் போ!" என்று கத்தினார். கத்திய வேகத்திலேயே முகம் வெளுத்துப்போனது. "இன்ஸாஃப், இப்ப நான் சொன்னது..."

 டாக்டர் சொன்னபடி பதில் கொடுக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஒரே ஒரு தடவை சொல்லுடி" என்று கெஞ்சினார். டாக்டரிடம் போகலாம் என்றால், "அவ என்னை ஹராமுல வாழச் சொல்றா" என்றார். படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நிதானமாக வந்து என் எதிரில் நின்றார். "நீ எனக்கு ஹலாலா ஹராமான்னு தெரியாம என்னால வாழ முடியலை. ஏதாவது ஒண்ணு தெளிவா நடந்துட்டா நிம்மதி. உன்னைத் தலாக் விட்டுட்டேன்."

"அட மடையா!" என்று அலறினேன். கட்டிய புருஷனை முதன்முறையாக அப்படிச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பதிவாளரிடம் போய் எழுதிவைத்துவிட்டு வந்து, அன்று பொழுது சாயும்வரை அசந்து தூங்கினார்.

தலாக்குக்கு அப்புறம் காத்திருக்க வேண்டிய இத்தா காலம் முடியும்வரை அதே வீட்டில்தான் இருந்தேன். அதற்குள் 'உன்னைச் சேத்துக்கிட்டேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி பெண்டாட்டிதான். அந்த வார்த்தைக்காக வெட்கத்தை விட்டுக் காத்திருந்தேன். ஒருநாள் தேநீர் கொடுக்கும்போது விரல் பட்டது. அவர் உதறிக்கொண்டு எழுந்தார்.

"இன்ஸாஃப், விரல் பட்டுச்சே, உன்னைத் திரும்பச் சேத்துக்கிட்டதா ஆயிடுச்சோ?"

 அன்றிலிருந்து இந்தக் கேள்விதான். கண் பட்டால் கேட்டார், பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் கேட்டார்.

இத்தா முடிந்த அன்று என் தம்பி ஹம்தி டாக்ஸியோடு வந்து கீழே நின்றான். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஷெஹாத்தா வழியை மறித்தார்.

"கடைசியா ஒரு தடவை சொல்லிட்டுப் போ. இத்தனை நாள்ல நான் உன்னைச் சேத்துக்கலையே?"

'ஆமா, சேத்துக்கிட்டீங்க' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நம்பியிருப்பார், நானும் அங்கேயே இருந்திருப்பேன். நாளைக் காலையில் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பழைய கேள்வியைக் கேட்டிருப்பார். பேசாமல் போயிருக்கலாம், டாக்டர் அதைத்தான் சொல்லியிருப்பாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"இல்லைங்க. சேத்துக்கவே இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். முகத்தில் ரத்தம் ஓடியது. சிரித்தபடி என் பெட்டியை வாங்கிக்கொண்டு அவரே முன்னால் படி இறங்கினார்.