இலவச மீன்

"ஏரியில இன்னிக்கு மீன் புடிக்கலாம்! யார் வேணா வாங்க! எல்லாம் இலவசம்!"

ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனது. கோடையில் குத்தகைக்காரர் தன் மீனைப் பிடித்து முடித்ததும், ஒரு நாள் ஏரியை ஊருக்குத் திறந்துவிடுவது வழக்கம். குத்தகைக்காரர் சுலைமான்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நம்பி, ஊரே கூடையும் கொசுவலையுமாக இறங்கியது.

திருக்கழுக்குன்றம் போயிருந்த சுலைமான் பைக்கில் பறந்து வந்தார்.

"நான் எங்க சொன்னேன்? அத்தத் துன்னாதீங்க!"

"இன்னா பாய், வாரி வழங்கிட்டு இப்ப பேஜாரு பண்றே?" நிறைந்த கூடையோடு தமிழ்ச்செல்வி சிரித்தாள். "இந்த வருசம் வலையே வேணாம். வெயிலுக்கு மயங்கி மேல வந்து கீது, கையாலயே அள்ளலாம்."

"உசுரோட கீற மீனு கையில மாட்டுமாம்மா? காகித மில்லுக்காரன் ராவோட ராவா கழிவத் தொறந்து வுட்டுக்கீறான். காலையில பாத்ததுமே போன் பண்ணிட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் வந்துகினு கீறாரு. செத்த மீனக் காட்டலன்னா என் பேச்ச எவன் நம்புவான்?"

அவள் ஒரு மீனின் செவுளைப் பிளந்தாள். உள்ளே ஊறிய காகிதம்போலச் சாம்பல் நிறக் கூழ். சிரிப்பு நின்றது.

"டேய் துரை, உன் ஆட்டோவ யாருடா அனுப்பினது?"

"மில்லு மேனேஜருதான்க்கா. ஊருக்கு நல்லது பண்றாருன்னு நெனச்சேன்."

"நல்லதா? செத்தத நம்ம கையாலயே அள்ள வச்சு, நம்ம புள்ளைங்க வயித்துல பொதைக்கப் பாத்துக்கீறான்!"

அதிகாரி வந்தபோது கூடவே காரிலிருந்து இறங்கினார் மேனேஜர் வெங்கடேசன். ஆலைக் குழாய்க்கு எதிர்க்கரையில் பாட்டிலை நிரப்பிக்கொண்ட அதிகாரி, ஏரியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒரு மீன்கூடச் செத்து மிதக்கலையே?"

சுலைமான் கூடைகளைக் காட்டினார்.

"கரையில இருக்கறதை நான் எழுத முடியாதுங்க. தண்ணியில இருக்கணும்."

"மீனையெல்லாம் ஊருக்குக் குடுத்துட்டு எங்க மேல பழியா, பாய்?" என்றார் மேனேஜர்.

தமிழ்ச்செல்வி கூடையை இடுப்பில் ஏற்றினாள். முழங்கால் ஆழம்வரை நடந்து போய், அப்படியே கவிழ்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் துரை. வெள்ளை வயிறுகள் குழாய் இருந்த பக்கமாக மிதந்தன.

"இப்ப தண்ணியிலதான் சார் கீது. எழுது!"

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார்.

"அவர இன்னாத்துக்குப் பாக்கறே? ஏரியப் பாரு!"

கரையில் கவிழ்க்க இன்னும் கூடைகள் வரிசையில் நின்றன.