செத்துப்போன நீரூற்று

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மருந்துக்காரர் அந்த வார்த்தையைக் கேட்டார்.

அவர் நகராட்சியில் கொசுப்புழு ஒழிக்கும் வேலையில் இருந்தார். தோளில் தெளிப்பான், கையில் நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டி. தேங்கிய தண்ணீரில் கரண்டியை விட்டு அள்ளி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். புழு நெளிந்தால் மருந்து விடுவார். தங்கையின் கணவர் அதே நகராட்சியில் மோட்டார்க்காரர். பூங்காக்களின் பம்புகளும் நீரூற்றுகளும் அவர் பொறுப்பு. ஒருவர் தண்ணீரை ஓட வைக்கிறவர். மற்றவர் ஓடாத தண்ணீரைத் தேடிப் போகிறவர். சந்தித்தால் இருவருக்கும் அதுதான் பேச்சு.

"ரெண்டு பேரும் எப்பப் பாத்தாலும் தண்ணி தண்ணின்னு பேசாதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க தப்பா நினைக்கிறாங்க" என்றாள் தங்கை.

ஒரு வாரமாக மழை. கூட வேலை பார்த்த ஆள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரையும் போடவில்லை. அவர் பார்த்த தெருக்களும் இவர் தலையில் விழுந்திருந்தன. முட்டி வலியையும் மேலதிகாரியையும் மாறி மாறித் திட்டிவிட்டு மருந்துக்காரர் கேட்டார்.

"பெரிய பூங்கா ஊத்து என்ன கதி, மாப்ள?"

"அது செத்து ஒரு வாரம் ஆச்சு, மச்சான்."

அப்பாடா, ஒரு நடை மிச்சம் என்று மருந்துக்காரர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார்.

பூங்கா மேட்டின் உச்சியில் இருந்தது. தெளிப்பானைச் சுமந்துகொண்டு அங்கே ஏறினால் பாதி நாள் போய்விடும். மருந்துக்காரர்களின் பேச்சில் செத்த தொட்டி என்றால் அடித்துளையைத் திறந்து வற்றவிட்ட தொட்டி, மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. அதில் புழு இருக்காது. வேலையும் இருக்காது. அவர் அதை மனசிலிருந்தே அடித்துவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார்.

தங்கை மகளுக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோரும் அவளை வாலு என்றார்கள். அவள் பின்னாலிருந்து வந்து மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா, உங்க கொசு நேத்து என்னைக் கடிச்சிருச்சு. கூப்பிட்டுக் கண்டிச்சு வைங்க."

"எப்படி இருந்துச்சு? மூக்கு நீளமாவா?"

"ஆமா."

"அது எங்க மேலதிகாரி. நான் எப்படிக் கண்டிக்கிறது?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். முழங்கையில் சிவந்து தடித்திருந்த இடத்தைக் காட்டினாள். மருந்துக்காரர் அதில் எச்சில் தொட்டு வைத்தார்.

தங்கை அந்த வீட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டாள். அண்ணன் சொன்னதற்காகப் பூச்செடிகளின் அடித்தட்டுகளை எடுத்துவிட்டாள். வாளிகள் கவிழ்ந்திருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் சொட்டும் தண்ணீரைக்கூடத் துணியால் துடைத்துவிடுவாள். வேறு வீடுகளில் மருந்துக்காரருக்குக் கிடைப்பது முகச்சுளிப்புதான். இந்த வீட்டில் மட்டும் அவர் பேச்சு செல்லும்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் தெருத்தெருவாகப் போனார். கதவைத் தட்டி, பூத்தொட்டிகளைக் கவிழ்த்து, பெண்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு கிழவர், ஊர்த் தண்ணியெல்லாம் விட்டுட்டு என் வீட்டு டம்ளர்தான் கிடைச்சுதா என்று கேட்டதைச் சக ஊழியர்களிடம் சொல்லிச் சிரித்தார். பூங்காப் பக்கம் போகவில்லை.

மூன்றாவது வாரம் வாலுவுக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அவள் அழுதாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தைகள் பிரிவில் இடமில்லை. ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள், தலைமாடு கால்மாடாக. தாழ்வாரத்திலும் பாய்கள். வாலுவோடு படுத்திருந்த பையனும் அவள் பள்ளிக்கூடம்தான். எதிர்க் கட்டிலில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடம்.

மருந்துக்காரர் மனசுக்குள் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வந்தார். கூரைத் தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, பழைய டயர்கள் கிடக்கும் பின்கட்டு. எல்லாம் அவரே பார்த்த இடங்கள். அங்கே ஒன்றுமில்லை. பக்கத்துப் பையனின் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். பையன் வேறெங்கே போவான் என்று கேட்டார்.

"எங்க போவான், பள்ளிக்கூடம் விட்டா பூங்காதான். எல்லாம் ஒரு கூட்டமா அந்த ஊத்துத் திட்டுல உக்காந்துக்கும். காலைத் தண்ணியில நனைச்சுக்கிட்டு, கூப்பிட்டாலும் வராதுங்க."

"தண்ணியிலயா?"

"முட்டளவு நிக்குதே. உங்க பாப்பாவும் கூடத்தான் இருக்கும். அவங்கப்பா மோட்டார் ரூம் அங்கதானே."

மருந்துக்காரர் எழுந்தார். எங்கே என்று தங்கை கேட்டதற்கு, டீ குடிக்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வாசலில் விட்டிருந்த தெளிப்பானையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டார்.

மேடு ஏறும்போது முட்டி வலி தெரியவில்லை. பூங்காவில் பிள்ளைகள் யாரும் இல்லை. நடுவில் வட்டமான பெரிய தொட்டி, அதன் நடுவில் ஒரு கல் தாமரை. தாமரையிலிருந்து தண்ணீர் பீறிடவில்லை. ஆனால் தொட்டி நிறைந்திருந்தது. மழைத் தண்ணீர், தெளிந்து, அசையாமல், வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. ஓரத்தில் இலைகளும் ஒரு பிஸ்கட் உறையும் மிதந்தன.

கரண்டியை விட்டு அள்ளினார். சாய்த்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக் கரண்டிக்குள் கருப்பாக நெளிந்தது. கொட்டிவிட்டு இன்னொரு இடத்தில் அள்ளினார். அங்கும் அதே. தண்ணீர் மட்டத்தில் கூட்டுப்புழுக்களின் ஓடுகள் காலியாக மிதந்தன. உள்ளே இருந்தவை பறந்து போயிருந்தன.

மோட்டார் அறையிலிருந்து மோட்டார்க்காரர் வந்தார். அங்கே வைத்திருந்த போர்வையை மகளுக்கு எடுத்துப் போக வந்தவர், அது கையில் இருந்தது.

"என்ன மச்சான் இங்க?"

"செத்துருச்சுன்னு சொன்னியே."

"ஆமா. மோட்டார் எரிஞ்சு போச்சு. சாமான் கேட்டு எழுதியிருக்கு, இன்னும் வரல." பிறகு கரண்டியைப் பார்த்தார். "ஏன்?"

மருந்துக்காரர் கரண்டியை நீட்டினார். மோட்டார்க்காரர் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவருக்கு ஓடாத நீரூற்று செத்த நீரூற்று. அதில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அது செத்ததுதான். தினம் நாலு தடவை அதைத் தாண்டிப் போனவர். அவருடைய தொழிலில் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். இருவரும் சரியாகத்தான் பேசியிருந்தார்கள்.

"நீங்க வந்து மருந்து விட்டுட்டுப் போறீங்கன்னுதான் நினைச்சேன்" என்றார். "தண்ணி நின்னா நீங்க வருவீங்கன்னு."

மருந்துக்காரர் தெளிப்பானை இறக்கினார். தொட்டியைச் சுற்றி நடந்து மருந்து விட்டார். நாளைக்குள் புழு சாகும். இறக்கை முளைத்ததற்கு அந்த மருந்து ஒன்றும் செய்யாது. மோட்டார்க்காரர் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு திட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு கொசு அவர் புறங்கையில் வந்து அமர்ந்தது. அவர் அடிக்கவில்லை.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க, மச்சான்."

மருந்துக்காரர் தலையாட்டினார். அது மாப்பிள்ளைக்காக ஆட்டிய தலை மட்டுமல்ல. இருவரும் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் யார் முதலில் உள்ளே போவது என்று தயங்கி நின்றார்கள்.

அன்று மாலை காய்ச்சல் விட்டது. தங்கை முகம் விடிந்தது. வாலு கண்ணைத் திறந்து பசிக்கிறது என்று சொன்னதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நர்சிடம், பக்கத்துப் பையனின் அம்மாவிடம், கூட்டுகிறவளிடம். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னாலதான், நீ பக்கத்துல இருந்த தைரியம்தான் என்றாள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இந்த நோயில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் மோசமான நேரம், பார்க்க வேண்டும் என்றார். தங்கை அதைக் காதில் வாங்கவில்லை. மருந்துக்காரர் வாங்கினார்.

மறுநாள் வாலுவின் கைகால்கள் ஜில்லென்று ஆயின. வயிறு வலிக்கிறது என்றாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ரத்தம் ஏற்றினார்கள். தட்டணுக்கள் ஏறவில்லை என்றார்கள். மோட்டார்க்காரர் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நின்றார். வெளிச்சம் வரும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினார். தங்கை அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவு நடந்த வீட்டைச் சுற்றிப் புகை அடிப்பது நகராட்சியின் வழக்கம். சாவுக்கு முன்னால் அடிக்க ஆள் கிடையாது, வண்டியும் கிடையாது. சாவுக்குப் பின்னால் இரண்டும் வந்துவிடும். மருந்துக்காரர் பல வீடுகளுக்கு முன்னால் அந்த இயந்திரத்தைப் பிடித்திருக்கிறார். இந்தத் தடவை அவரை விட்டுவிட்டார்கள். அவரோடு வேலை செய்கிற இருவர் வந்தார்கள். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, அவரைக் கூப்பிட்டு, மேலிடத்து உத்தரவு, ஒண்ணும் நினைச்சுக்காதண்ணே என்றார்கள். அவர் போகச் சொன்னார்.

இயந்திரம் உறுமியது. புகை வெள்ளையாகக் கிளம்பி, சாக்கடையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, வீட்டு முற்றத்துக்குள் வந்தது. பூச்செடிகள் மறைந்தன. கவிழ்த்து வைத்த வாளிகள் மறைந்தன. முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனார்கள். மோட்டார்க்காரர் சுவரோரம் நின்றவர் நின்றபடியே இருந்தார்.

தங்கை வாசற்படிக்கு வந்தாள். புகைக்குள் அவள் உருவம் பாதிதான் தெரிந்தது. இருமினாள். கையால் புகையை விலக்கிக்கொண்டு அண்ணனைத் தேடினாள். கண்டதும் கிட்டே வந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதில் எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாதவள், தெரிந்தவரிடம் வந்து கேட்கிற மாதிரி கேட்டாள்.

"நீ சொன்னபடி ஒரு சொட்டுகூட நிக்க விடலையேண்ணே. ஊர்ல எங்கெங்க தண்ணி நிக்குதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியாத இடமா? சொல்லுண்ணே, எங்கருந்து வந்துச்சு?"