வெள்ளிக்கிழமைகளில் மச்சம் இல்லை

1

"கட்டுரையிலை என்ரை பேரையும் போடுங்கோ, சேர்."

கேட்கவே கூடாது என்று என்னைப் பெற்ற ஐயா சொல்லி அனுப்பியதைக் கேட்டுவிட்டேன். படித்தவர்களிடம் வேலை கேள், லீவு கேள், பேர் மட்டும் கேளாதே என்பது அவர் புத்தி. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அது ஏறவில்லை. இந்தக் கதை அந்த இடத்தில்தான் பிறந்தது.

பொய். இது ஒரு படிவத்தின் ஓரத்தில் பிறந்தது. கோபத்தோடு தொடங்கினால் வாசிப்பீர்கள் என்று நினைத்தேன்.

2

1979. ஊர்காவற்றுறைத் தீவில் ஒரு வாடகை வீடு. அதற்குள் தோல் புற்றுநோய் ஆய்வு நிலையம். பேராசிரியர் இராசநாயகம் கொழும்பில் பிறந்து சீமையில் படித்தவர். அவருக்குச் சரளமாக வரும் தமிழ் சாரதியோடு பேசுகிற தமிழ். நான் உதவி ஆய்வாளர் நாகபூசணி. தோலில் ஒரு கறுப்பு மறு எப்போது புற்றாகிறது, எப்போது கிளம்பி உடம்புக்குள் ஊர்விட்டு ஊர் போகிறது என்று ஐந்து வருடமாக நுணுக்குக்காட்டியில் பார்ப்பவள்.

("கருநீலக் கடல் அன்று அவள் மனம்போலவே—" என்று ஒரு பந்தி இருந்தது. வெட்டிவிட்டேன். நிலையத்துச் சன்னலில் கடல் தெரியாது. பேராசிரியரின் கார் தெரியும்.)

பேர் கேட்டதும் அவர் சிரித்தார். நாகபூசணி நீளமாம். 'என். பூசணி' போதுமாம்.* நிலையத்தின் ஆய்வுக் கட்டுரையைச் சரிபார்க்கத் தந்தார்.

* கறிக்காயாக என்றாலும் அச்சில் வரட்டும் என்று ஓமென்றேன். அதுவும் இந்தக் கதையில் இருக்கட்டும்.

3

கட்டுரை சொன்னது: தீவுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மச்சம் உண்டு, அவை குறித்த நாள்களில் மறைந்து மீண்டும் தோன்றுகின்றன. ஆகவே தீவு மக்களின் தோல், புற்றைத் தானே அடக்கவல்லது. உலகம் அதிரத்தான் போகிறது.

தபாலில் வந்த படிவங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் கேள்வி, சோறா மாவா அதிகம் உண்கிறீர்கள் என்பது. நான்காவது, யாரோ கொழும்பில் சென்னை அகராதியைப் பார்த்து எழுதியது: "மச்சம் உண்டா?" எங்கடை சனத்துக்கு மச்சம் என்றால் மீன், இறைச்சி. தோலில் இருப்பது மறு. சனம் நேர்மையாகப் பதில் எழுதியிருந்தது. "உண்டு. வெள்ளிக்கிழமை இல்லை." "கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இல்லை." "மருமகன் வந்தால் உண்டு."

பதில்களை எண்ணாக்கிய கிளாக்கர் கதிர்காமு காரைநகர்க்காரர், அவரும் தீவுச் சனம்.

"உங்களுக்குமே விளங்கேல்லை, அண்ணை?"

"விளங்கினது, பிள்ளை. சேர் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை."

'தெளிவற்றவை' என்று அவர் ஒதுக்கி வைத்தது ஒரேயொரு படிவம். சூசையம்மா, மண்டைதீவு, கருவாடு காயவைக்கிறவர். ஓரத்தில் எழுதியிருந்தார்: "மீனோ மறுவோ எண்டு தெரியேல்லை. உள்ளங்காலிலை ஒரு கறுப்பு மறு பெருக்குது. இப்ப தொடையிடுக்கிலையும் ஒரு கட்டி." ஏழு மாதத்துக்கு முந்திய திகதி.

கண்ணாடித் தகட்டில் நான் தேடியது, பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில், சுடுமணலில் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

4

முடிவு அ: பேராசிரியர் மனம் திருந்துகிறார். (கதை என்றாலும் ஒரு அளவு வேண்டாமா?)

முடிவு ஆ: நான் சீமை போய்ப் பெரிய விஞ்ஞானியாகி, இருபது வருடம் கழித்து மண்டைதீவுச் சேமக்காலையில் சூசையம்மாவின் கல்லறைக்குப் பூ வைக்கிறேன். நீங்கள் அழுவீர்கள். எனக்குப் பட்டம் மிஞ்சும்.

நடந்தது: சூசையம்மாவின் படிவத்தைப் பேராசிரியரின் மேசையில் வைத்து, மச்சம் என்ற சொல்லில் நடந்த பிழையையும் சொன்னேன். அவர் அதை வாசிக்கவில்லை.

"பேப்பர் அடுத்த கிழமை அச்சுக்குப் போகுது. சீமைக்கு உம்மையும் அனுப்புறன். ஒரு சொல்லுக்காக வாழ்க்கையைக் கெடுக்காதேயும்."

யாருடைய வாழ்க்கை என்று அவர் சொல்லவில்லை.

"என்ரை பேரை எடுங்கோ, சேர்."

எடுக்கும்வரை நிற்கவில்லை. அவருடைய பேனையாலேயே பூசணியை வெட்டினேன். அந்தப் படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சூசையம்மா பிழைத்தாரா? எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அவருடைய காலை ஏற்கனவே ஒருவர் தன் கட்டுரைக்காகத் தள்ளிவைத்தார். என் கதைக்கு முடிவாக அதை நானும் எடுக்க ஏலாது. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே ஒன்றை எழுதுங்கள், உங்கள் பேரைப் போட்டு.

எங்கே போறாய் என்று வாசலில் கதிர்காமு அண்ணை கேட்டார். மண்டைதீவுக்கு என்றேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, பிள்ளை. மச்சம் இராது."

"இருக்கும், அண்ணை," என்று இறங்கி நடந்தேன்.