மங்களம் பாடாத நாடகம்

1919ஆம் வருஷம் தசரா முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மைசூர் மண்டி மொஹல்லா நாடகக் கொட்டகையில் மேடைமேல் செத்த ஐந்து பேரும் செத்தபடியே வீட்டுக்கு நடந்து போனார்கள். நாடி பார்த்த வைத்தியர் லிங்கப்பன், ஐந்து பேருக்கும் அது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

காரணம் ஊருக்கே தெரியும். எந்த நாடகமானாலும் வெட்டுப்பட்டவன், விஷம் குடித்தவன் எல்லோரும் கடைசியில் எழுந்து வரிசையாக நின்று மங்களம் பாடிவிட்டுத்தான் அரிதாரத்தைக் கலைப்பது வழக்கம். பி.ஏ. படித்த கேசவமூர்த்தி, தான் எழுதிய பழிவாங்கும் நாடகத்துக்கு அது கூடாது என்றுவிட்டான். துன்ப நாடகம் துன்பத்தோடு முடிய வேண்டுமாம். காகிதக் கூழில் செய்த மண்டையோடு சாவுக்கு அடையாளம், விஷக் கத்தி பழிக்கு அடையாளம் என்று ஒத்திகைதோறும் விளக்கியிருந்தான். சாவுக்கு அந்த அழைப்பே போதுமானதாக இருந்திருக்கிறது.

ராஜாவாக நடித்தவர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த திருநாராயணன். செத்ததற்கு லீவு கேட்டார்; விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. உடம்பு சில்லென்று ஆனதைத் தவிர அவரிடம் மாறுதல் இல்லை. சாற்றமுதில் உப்பு குறைவு என்றுகூடச் சொன்னார். மற்ற நால்வருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் செத்தது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. இவருக்குத்தான் பத்மாஸினி என்று இருபத்திரண்டு வயதில் மனைவி இருந்தாள்.

மேல்கோட்டையிலிருந்து சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் வந்தார். நாடி இல்லையென்றால் இல்லைதான்; பத்தாம் நாள் தாலி இறங்க வேண்டும், தலை மழிக்க வேண்டும் என்றார். திருநாராயணனே அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். தீட்டு என்று வாத்தியார் தொடவில்லை. பத்மாஸினி கேசவமூர்த்திக்கு மூன்று முறை ஆள் அனுப்பினாள். மங்களம் பாடினால் பார்த்தவர்கள் மனசு லேசாகிவிடும், அது கலைக்குத் துரோகம் என்று மூன்று முறையும் ஒரே பதில்.

பத்தாம் நாள் காலை நாவிதர் வாசலில் கத்தி தீட்டும்போது, அவள் புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டு வழியாகக் கொட்டகைக்கு நடந்தாள். வாத்தியாரும் நாவிதரும் பின்னால் ஓடினார்கள். அங்கே கேசவமூர்த்தி மற்ற நால்வரை வைத்து அடுத்த ஆட்டத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். பிணமாகப் படுப்பது இப்போது தத்ரூபமாக இருப்பதில் அவனுக்குச் சந்தோஷம். குடும்பப் பெண்கள் மேடை ஏறாத காலம். அவள் ஏறினாள். மண்டையோட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“உங்க அடையாளத்தை நீங்களே வெச்சுக்கோங்கோ. என் ஆத்துக்காரர் எதுக்கும் அடையாளம் இல்லை.”

“மங்களம் பாடினா நாடகம் செத்துடும், மன்னி.”

“சாகட்டும். அதுக்கு யாரும் தலை மழிச்சுக்க வேண்டாம்.”

தன் கல்யாணத்தில் பாடிய மங்களத்தைப் பாடினாள். சுருதி சேரவில்லை. ஆனாலும் நால்வரும் இருமிக்கொண்டு எழுந்தார்கள். அவள் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். சில்லென்றே இருந்தது. அவர் அவளையே பார்த்தார்.

“துடிக்கறது,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

தொட்டுப் பார்த்தால் தீட்டு என்பதால் வாத்தியார் அவள் சொன்னதையே ஏற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். வந்த நாவிதர் வெறுமனே போகக் கூடாதென்று, செத்து எழுந்த நால்வரும் கேசவமூர்த்தியைப் பிடித்து உட்காரவைத்து அவன் கிராப்பை மழிக்கவைத்து அனுப்பினார்கள்.

திருநாராயணனுக்குக் கடைசிவரை நாடி திரும்பவில்லை. கச்சேரியில் தலைமை குமாஸ்தா ஆனார். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். சித்திரை வெயிலில் அப்பா பக்கத்தில் யார் படுப்பது என்று இருவருக்கும் தினம் சண்டை.