விளக்கிலிருந்து கால் வரை

சிக்ஸ்டனும் நானும் பதினோரு குளிர்காலம் ஒரே லாரியில் உட்கார்ந்தவர்கள். அவன் ஓட்டுவான், நான் பக்கத்தில் கணினியோடு. வட ஸ்வீடனில் உறைந்து கிடக்கும் ஏரிதான் எங்கள் சோதனைக் களம்.

அந்த வருடம் டர்போ மந்தத்தைக் குறைக்கும் வேலை. பெடலை மிதித்ததும் வண்டி பாயாது. புகை வேகம் பிடித்து டர்போ சக்கரத்தைச் சுழற்றும்வரை காத்திருக்க வேண்டும். என் யோசனை இதுதான்: மெதுவாகப் போகும்போது ஆறு சிலிண்டரும் அரைகுறையாக எரிவதற்குப் பதில் மூன்று ஓய்வெடுக்கட்டும், மற்ற மூன்றும் முழு மூச்சாக எரியட்டும். அந்தச் சூட்டில் சக்கரம் ஓயாமல் சுழலும். மிதித்ததும் ஆறும் சேர்ந்துகொள்ளும்.

முகப்பில் ஒரு விளக்கு எரியும். எரிந்ததும் சிக்ஸ்டன் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அவன் தாளில் எழுதியது ஒரே சொல்: ‘தாமதம்.’ அவன் எழுதியதை நம்பி, எந்தச் சிலிண்டர் எப்போது எரிய வேண்டும் என்ற வரிசையை ஏழு முறை மாற்றினேன். பிப்ரவரியிலும் அதே சொல். எனக்கு எரிச்சலாகிவிட்டது.

பதிவுகளைத் தோண்டினேன். மிதித்த பிறகு வண்டி பாய எடுக்கும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வரைபடத்தில் அதுவரை யாரும் பார்க்காத இன்னொரு கோடும் இருந்தது: விளக்கு எரிந்த பிறகு அவன் கால் பெடலை அழுத்த எடுக்கும் நேரம். அது டிசம்பரிலிருந்து ஏறிக்கொண்டே வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காபி வேளையில், ஏலக்காய் பன்னோடு எங்கள் குழுவினர் எல்லோரும் உட்கார்ந்திருக்க, இரண்டு கோடுகளையும் சுவரில் போட்டுக் காட்டினேன்.

“இன்ஜின் முழிச்சுதான் இருக்குப்பா. தூங்குறது சிக்ஸ்டனோட கால்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு எழுந்து சுவரருகே போய் நின்று, இது எப்போதிலிருந்து என்று கேட்டான். சொன்னேன். பன்னைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனான். திங்கட்கிழமை லாரிச் சாவியை ஒப்படைத்தான். முதுகுவலி என்றான், நம்பினேன். கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டேன்.

மே மாதம் அவன் மனைவி குன்வோர் போன் செய்தாள். நரம்பு நோயாம், காலில் தொடங்கி மேலே ஏறுகிறதாம். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதற்கு, என் கோட்டை வைத்துத்தான் மாதம் சொன்னானாம்.

போய்ப் பார்த்தேன். கைத்தடியை முழங்காலில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். லாரி எப்போது விற்பனைக்கு வருகிறது என்று விசாரித்தான். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ‘அந்த வெள்ளிக்கிழமை...’ என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

“படியில தடுக்கும்போதெல்லாம் ஷூதான் சரியில்லன்னு நெனச்சேன்,” என்றான். “உன் கோட்டப் பாத்ததும்தான் புரிஞ்சுது. முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் டாக்டருங்களால ஒண்ணும் பண்ணிருக்க முடியாது. அதுக்கெல்லாம் உம்மேல கோவமில்ல.”

கைத்தடியை எடுத்துத் தரையில் ஊன்றினான்.

“ஆனா என்னத் தனியா கூப்பிட்டுக் காட்டிருக்கலாம் நீ.”

“ஆமா. காட்டிருக்கணும்.”

அந்தக் கோட்டை முதலில் பார்த்தபோது, இவனுக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அடுத்த கணமே அதை விட்டுவிட்டேன். இதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.