கடைசி வரியில் சிவப்பு

அன்று காலை அவர் பப்படத்தை நொறுக்கிப் புட்டோடு பிசைந்தார். வலது பக்கமாகவே மென்றார்.

"கடைவாய்ப்பல் இழுக்குது, எலிசா. கிராம்பு உண்டா?"

கொடுத்தேன். வாயில் ஒதுக்கிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு கயிற்றுக்கடை மாடியில் எங்கள் அறை. இரண்டு கம்ப்யூட்டர். 2005. வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றுக்குப் புத்தகங்களை எக்ஸ்எம்எல் கோப்பாக்கிக் கொடுத்துவந்தோம். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரு திறப்புக் குறி, பின்னால் ஒரு மூடும் குறி. ஒன்று விட்டுப்போனாலும் மொத்தக் கோப்பும் திரும்பி வந்துவிடும். அதற்காகவே என் கணவர் ஞானசிகாமணி ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பக்கம் எழுதியிருந்தார். பிரவுசரில் அதைத் திறந்து, கோப்பை ஒட்டி, 'நோக்கு' என்ற பொத்தானை அழுத்தினால் பிழை எந்த வரியில் என்று சிவப்பில் காட்டும்.

அன்று ஒரு தாவரவியல் அகராதி. முந்தின இரண்டு புத்தகமும் தாமதம். இதுவும் மதியத்துக்குள் போகாவிட்டால் வேலை கைவிட்டுப் போகும்.

அழுத்தினார். சிவப்பு. கடைசி வரி.

"கடைசி வரியிலே ஒரு குத்தமும் இல்லியே" என்றேன்.

"அங்க இல்லடீ. மேலே எங்கேயோ ஒண்ணை மூடாம விட்டிருக்கு. இது அடிவரைக்கும் நம்பி வந்து, அங்க வச்சுத்தான் கத்தும். உன் அம்மையைப் போல. கல்யாண வீடு முழுக்கச் சிரிச்சுட்டு, கை கழுவுற இடத்திலே வச்சுத்தான் சண்டை பிடிப்பாவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஃபேன் ஓடுதா?" என்றார்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எழும்புங்க. டாக்டரைப் பாக்கலாம்."

"பல்லுக்கா? இதை அனுப்பிட்டுப் போவோம்." இடது கையை உதறிக்கொண்டார்.

"அனுப்பாம எழும்ப மாட்டியளா?"

"மாட்டேன்."

கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். கோப்பையே திறந்து மூடுகிற முதல் வரியையும் கடைசி வரியையும் விட்டுவைத்து, பாதிப் பதிவுகளை வெட்டி அழுத்தினேன். பிழை இல்லை. அப்படியானால் வெட்டிய பாதியில்தான். அதிலும் பாதியை வெட்டினேன். சிவப்பு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. "வேகம், வேகம்" என்றார். இன்னும் பாதி. இன்னும் பாதி. வேர்முடிச்சு என்ற பதிவின் முடிவில் மூடும் குறி இல்லை. போட்டேன். முழுக்கோப்பையும் ஒட்டி அழுத்தினேன். 'பிழை இல்லை' என்று பச்சையில் வந்தது.

"அனுப்பியாச்சு. இனி எழும்புங்க."

எழுந்தார். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றியபடியே உட்கார்ந்துவிட்டார். கயிற்றுக்கடை ஆட்கள்தான் தூக்கினார்கள். சுமட்டு வண்டிகளைத் தள்ளி ஒதுக்கி, பழவங்காடி ஜங்ஷன் வரை சுமந்துபோய் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில், எங்கே வலி என்று சொன்னார் என டாக்டர் மலையாளத்தில் கேட்டார். பல்லில் என்றேன். டாக்டர் தலையை அசைத்தார். சில பேருக்கு நெஞ்சின் வலி தாடையில்தான் காட்டும் என்றார்.

கோப்பை ஏற்றுக்கொண்டதாக அன்றே மெயில் வந்திருந்தது. அடக்கம் முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் எழுதிய பக்கமும் இருக்கிறது. நடுவில் ஒரு பதிவை மூடாமல் விட்டு 'நோக்கு' அழுத்தினால், கடைசி வரியைத்தான் காட்டுகிறது.