பூட்டின கார்

பெமிலாவுக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. கணவன் ஜினோ மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது வாங்கி நிறுத்திவிட்டுப் போன வெள்ளைக் கார் அது. நாகர்கோவிலில் அவள் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த யேசுதாசன்தான் லீவு நாட்களில் வந்து அதையும் ஓட்டினார். முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கேட்டதற்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குகிற மனிதர் என்பதால் பெமிலாவின் அம்மாவுக்கும் அவர்மேல் நம்பிக்கை.

2012 மே மாதம் தங்கை ஜெமி வந்திருந்தாள். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். திரும்பிப் போக டிக்கெட் விஷயமாக டிராவல்ஸில் காட்டவேண்டியிருந்ததால் பாஸ்போர்ட்டும் மற்ற பேப்பர்களும் கைப்பையிலேயே இருந்தன. அங்கே வேலை சீக்கிரம் முடிந்துவிட, அப்படியே திற்பரப்பு அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று பெமிலாதான் சொன்னாள். முந்தின நாள் நல்ல கோடை மழை. அருவியில் தண்ணீர் கனமாக விழுந்துகொண்டிருந்தது.

காரை விட்டு இறங்கும்போது ஜெமி பையைத் தோளில் மாட்டினாள். அதைக் கொண்டுபோனால் ஒருத்தி கரையில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும்.

“உள்ளயே கெடக்கட்டு மக்கா. பூட்டின காரை யாரு தொறக்கப் போறா?” என்றாள் பெமிலா.

ஜெமி ஒரு நொடி யோசித்துவிட்டுப் பையைப் பின்சீட்டில் வைத்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டாள். யேசுதாசன் சாவியிலிருந்த பொத்தானை அமுக்கினார். அக்காவும் தங்கையும் அருவிக்கு நடந்தார்கள். அவர் டீக்கடைப் பக்கம் போனார்.

குளித்துவிட்டு வந்தபோது துண்டு இருந்தது, பை இல்லை. கண்ணாடி உடையவில்லை. கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். இந்த மாதிரிக் காரைப் பூட்டியபிறகு யாராவது திறந்தால் ஹாரன் ஊரைக் கூட்டும், அப்படி ஏதாவது சத்தம் கேட்டதா? டீக்கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான், யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அப்படியென்றால் பூட்டவே இல்லை என்றார் அவர். யேசுதாசன் பூட்டினேன் என்றார். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் பூட்டினேன் என்றார். லைட் மின்னியதைப் பார்த்தீரா, சத்தம் கேட்டதா, கதவை இழுத்துப் பார்த்தீரா என்று மாற்றி மாற்றிக் கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது. கடைசியில், “பூட்டினதாட்டுத்தான் நெனைக்கேன்,” என்றார்.

அந்த ‘நெனைக்கேன்’ பெமிலாவின் காதில் விழுந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

பை கிடைக்கவில்லை. புதுப் பாஸ்போர்ட் வருவதற்குள் ஜெமியின் லீவு முடிந்துபோனது. குவைத் ஆஸ்பத்திரி காத்திருக்கவில்லை. அவள் வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில் அம்மா காலையிலும் மாலையிலும் டிரைவரைத் திட்டினாள். பெமிலாவும் கூடச் சேர்ந்து திட்டினாள். பையை உள்ளே வைக்கச் சொன்னது யார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஒருமுறை சாப்பிடும்போது ஜெமி, “நான் எடுத்திட்டுத்தான் எறங்கினேன், அப்போ…” என்று தொடங்கினாள். பெமிலா சட்டென்று குரலை உயர்த்தி, ஒரு கதவைப் பூட்டத் தெரியாத மனுசன் என்று யேசுதாசனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஜெமி தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குமுன் பெமிலா தலைமையாசிரியையிடம் போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளாகவே போனாள். பூட்டினோமா இல்லையா என்றே நினைவில்லாத ஆளை நம்பி இத்தனை பிள்ளைகளை எப்படி வேனில் அனுப்புவது என்று கேட்டாள். ஜூனில் வேனுக்குப் புது டிரைவர் வந்தார். போகும்முன் யேசுதாசன் பெமிலாவைப் பார்க்க ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்து, “எனக்க கவனக்கொறவுதான் டீச்சர். மன்னிச்சுக்கணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அவளுக்கு நெஞ்சு லேசானது. குற்றவாளியே ஒப்புக்கொண்டாயிற்று.

அதன்பிறகு அவளே டிரைவிங் படித்தாள். ஐப்பசி மழைக்குள் தினமும் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம், மாடி வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கீழே நிறுத்தியிருந்த அவளுடைய காரின் மஞ்சள் விளக்குகள் மின்னி அணைந்தன. கார் திறக்கும்போது மின்னுகிற மாதிரி. சாவி மேசைமேல் அவள் கைப்பைக்குள் இருந்தது. பைக்குள் பொத்தான் எதிலோ அழுந்தியிருக்கும் என்று நினைத்து சாவியை வெளியே எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் காருக்குள் விளக்கு எரிந்தது. பிறகு துடைப்பான் ஒருமுறை தானாகக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நின்றது. ஜன்னலோரம் இருந்த பிள்ளை, “டீச்சர், காருக்குள்ள ஆரு?” என்று கேட்டாள்.

மணி அடித்ததும் குடையோடு கீழே போனாள். கதவு இழுத்ததும் திறந்துகொண்டது. மூடி, பொத்தானை அமுக்கினாள். விளக்கு மின்னியது, பூட்டு விழும் ‘டக்’ கேட்டது. கதவை இழுத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. சேலைக் கரை நனைய அங்கேயே நின்றாள். சாவி அவள் உள்ளங்கையில்தான் இருந்தது, பொத்தானில் விரல் இல்லை. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அதே ‘டக்’. இழுத்ததும் கதவு திறந்துகொண்டது. ஹாரன் அடிக்கவில்லை.

திற்பரப்பில் துண்டு மட்டும் கிடந்த சீட் அவள் கண்முன் வந்தது. அடுத்த வகுப்புக்கு அவள் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

வைகுண்டராஜன் ஜினோவோடு படித்தவன். கார்களின் எலக்ட்ரானிக்ஸ் வேலைகளுக்கென்றே பார்வதிபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். டாஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்துக்கு மேலிருந்து கையளவு பெட்டி ஒன்றைக் கழற்றி எடுத்தான். பழைய கார்களில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனி வயர், இப்போது எல்லாம் இந்த ஒரு பெட்டி வழியாகத்தான் என்றான். சாவி கதவோடு பேசுவதில்லை, பெட்டியோடு பேசுகிறது. கதவைப் பூட்டு, கண்ணாடியை ஏற்று, உள்விளக்கை அணை, திருடன் வந்தால் ஹாரனை அடி என்று பெட்டிதான் ஒவ்வொன்றுக்கும் உத்தரவு போடுகிறது. முன்கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் போகும் ஓட்டையைச் சருகு அடைத்துவிட்டது. தண்ணீர் உள்ளே இறங்கிப் பெட்டிக்குள் போயிருக்கிறது.

“ஈரம் ஏறினா யாரும் சொல்லாததும் இதுக்குக் கேக்கும். தொறக்கச் சொல்லியாச்சுன்னு நெனச்சுத் தொறந்துரும்.”

“ஹாரன் ஏன் அடிக்கல?”

“உடமஸ்தனே தொறந்தான்னுதான் இது நெனைக்கும். பொறவு எதுக்கு அடிக்கணும்?”

அவள் மெதுவாகக் கேட்டாள், இந்த மழையில் வந்ததுதானா என்று. அவன் பெட்டியைத் திறந்து, வயர் மாட்டும் ஊசிகளின் அடியில் பச்சையாகப் பூத்துக் கிடந்த களிம்பைக் காட்டினான். புதிய ஈரம் இப்படிப் பூக்காது, போன மழைக்காலத்திலேயே தொடங்கியிருக்கும், மழை பெய்தால் வரும், காய்ந்தால் ஒளிந்துகொள்ளும் என்றான். வேறு பெட்டி வரவழைத்து மாட்டிவிடலாம், ஒரு பிரச்சினையும் இல்லை என்றும் சொன்னான்.

ஜினோ போனில் அதையேதான் சொன்னான். பெட்டியை மாற்று, முடிந்துபோனதைக் கிளறாதே, அவருக்கும் இதற்குள் வேறு வேலை கிடைத்திருக்கும். பெமிலா சரி என்றாள். பெட்டியை மாற்றினாள். கார் சொன்ன பேச்சுக் கேட்டது. ஆனால் தினமும் காலையில் பள்ளி வேன் வாசலில் வந்து நிற்கும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போனாள். புது டிரைவர் வணக்கம் சொன்னால்கூட அவளுக்கு என்னவோ செய்தது. தவறு நடந்தது காரில், நான் என்ன கண்டேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் தலைமையாசிரியையின் அறைக்கு அவளை நடத்திக்கொண்டு போனது எந்தப் பெட்டியும் இல்லையே. ஸ்டாஃப் ரூம் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ‘எனக்க கவனக்கொறவுதான்’ என்ற குரல் கேட்டது.

ஜெமியிடம்தான் முதலில் சொன்னாள். அவள் அப்போது டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். டூட்டிக்குப் போகத் தலைபின்னிக்கொண்டே கேட்டாள்.

“பையை உள்ள வைக்கச் சொன்னது நான்தான் ஜெமி,” என்றாள் பெமிலா.

“அது எனக்குத் தெரியும்லா,” என்றாள் ஜெமி. “நீ எப்போ சொல்லுவன்னுதான் பாத்திட்டிருந்தேன்.”

பின்னலை முடித்து எழுந்து போய்விட்டாள். கோபப்பட்டிருந்தால் பெமிலாவுக்குக் கொஞ்சம் தாங்கும்படி இருந்திருக்கும்.

தலைமையாசிரியை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இப்போது ஓட்டுகிறவரும் குடும்பஸ்தர்தானே, அவரை எப்படிப் போகச் சொல்ல முடியும் என்றார். அடுத்து ஓர் இடம் ஒழிந்தால் யேசுதாசனைத்தான் முதலில் கூப்பிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை எடுத்துக்கொண்டு பெமிலா சனிக்கிழமை மத்தியானம் தானே காரை ஓட்டிக்கொண்டு முட்டம் பக்கம் போனாள்.

யேசுதாசன் வீட்டில்தான் இருந்தார். மீன் லாரி ஓட்டுவதாகவும், அன்று காலையில்தான் கொச்சியிலிருந்து வந்ததாகவும் அவருடைய மனைவி செசிலி சொன்னாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள், ஆனால் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஆள் மெலிந்திருந்தார்.

பெமிலா நின்றுகொண்டே சொன்னாள். மழையில் கண்டது, பெட்டி, களிம்பு, ஹாரன் ஏன் அடிக்கவில்லை என்பது, எல்லாம். அவள் முடித்தபிறகு அவர் கேட்டார்.

“அப்போ நான் பூட்டினேனா?”

“பூட்டினீங்க அண்ணே.”

“நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். செசிலிதான் பேசினாள். இந்த ஆறு மாசமாக வீட்டுக் கதவைச் சாத்தினால் திரும்ப எழுந்துபோய் இழுத்து இழுத்துப் பார்க்கிறார் என்றாள். லாரியை நடுவழியில் நிறுத்திவிட்டுப் பின்கதவுக் கொக்கியைப் பார்க்கப் போகிறார், மீன் கெட்டுப்போகும் என்று முதலாளி திட்டுகிறார். சர்ச் பங்குச்சாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனமும் பண்ணியாயிற்று. “எனக்க கவனக்கொறவால ஒரு பிள்ளைக்க வேலை போச்சுன்னு. செய்யாத பாவத்துக்கு ஜெபமால உருட்டி அம்பத்திமூணு மணி ஜெபம் சொன்னாரு டீச்சர்.”

அழுதால் அவர்கள் தன்னைத் தேற்றவேண்டி வரும் என்று பெமிலா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“மத்தவிய நம்பாததுகூட எனக்குப் பெருசில்ல,” என்றார் யேசுதாசன், மனைவியைப் பார்த்துத்தான். “எனக்கே என்மேல நம்பிக்கை இல்லாமப் போச்சு. கையில அமுக்கின ஞாபகம் இருக்கு. ஆனாலும் இல்லியோன்னு தோணிப்போச்சு.”

பிறகு பெமிலா பக்கம் திரும்பினார். “பையை உள்ள போடச் சொன்னது நீங்க. அது நான் கேட்டேன். ஸ்டேஷன்ல சொல்லல்ல.”

“ஏன் அண்ணே சொல்லல்ல?”

“அவிய அதைக் கேக்கல்லியே.”

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை அசைத்தார். அது மன்னித்ததா, கேட்டுக்கொண்டதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தலைமையாசிரியையின் வாக்கைச் சொன்னாள். வேண்டாம் என்றார் அவர். இப்போது பிள்ளைகளை ஏற்றி ஓட்டப் பயமாக இருக்கிறது, மீன் என்றால் பரவாயில்லை.

“ஒரு காரியம் செய்வியளா?” என்று கேட்டார். “பள்ளிக்கூட வாசல்ல வேன்காரமாரு நிப்பாங்கல்லியா. அவனுவகிட்ட ஒருக்கா சொல்லணும். நான் பூட்டினேன்னு.”

செசிலி அப்போதுதான் உள்ளே போய்ப் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்தாள். பெமிலா அதைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் காரை நிறுத்திவிட்டு நேராக வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன்காரர்கள் அங்கே நின்றிருந்தார்கள். டீச்சர் வருவதைப் பார்த்ததும் ஒருவர் பீடியைப் பின்னால் மறைத்தார். திற்பரப்பில் நடந்ததற்கு யேசுதாசன் காரணம் இல்லை, அவர் பூட்டினார், பூட்டின கார் தானாகத் திறந்துகொண்டது, தெரியாமல் அவர்மேல் பழி போட்டு வேலையைக் கெடுத்தது நான் என்று சொன்னாள். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அவர்களில் மூத்தவர் ரசலையன். கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவன் வேனைப் பூட்டாம ஒரு நாளும் இந்தக் கடைக்கு வந்ததில்ல டீச்சர். வண்டியில ஒண்ணும் இருக்காது, ஆனாலும் பூட்டுவான். நாங்க கிண்டல் பண்ணுவோம். ஜூன்லயே எங்கள்ட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்போம். யாரும் வந்து கேக்கல்ல.”

அதில் குத்தல் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஜெபமணி அடித்தது. அவர்கள் வேன்களைப் பார்த்து நடந்தார்கள். பெமிலா இன்னும் கொஞ்ச நேரம் அந்த டீக்கடை வாசலிலேயே நின்றாள்.